முன்னுக்கு ஒரு கல்யாணம்

1. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் வேலை செய்த வீடியோ கடையில் கமெராக்காரர் எனக்கு ஒரு கசெற் தந்தார். அதில் கேரளத்து இயக்குநர் ஒருவரின் படம் இருந்தது.

2. சத்தம் பதிவாகவில்லை என்று நினைத்து வீடியோ டெக்கின் ஹெட்டைத் துடைத்தேன். டெக்கில் பழுது இல்லை. படமே அப்படித்தான்.

3. அதன் பிறகு அவர் அதே இயக்குநரின் படங்களை ஒவ்வொன்றாகத் தந்தார். வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டில் அவற்றைப் பார்த்தேன்.

4. நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் அடுத்த படத்தை எடுத்துக்கொண்டு அவரே வெள்ளவத்தைக்குப் புறப்பட்டார். காலி நகரத்துக்குப் போகும் காலி வீதிச் சோதனைச் சாவடியில் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்.

5. இரண்டு நாள் கழித்துக் கடை முதலாளியையும் என்னையும் பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள்.

6. அந்தப் படத்தை நான் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அதற்கு விளக்கமும் சொல்ல வேண்டியிருந்தது.

யாருடைய பெயரையும் இதில் எழுதவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. இயக்குநரின் பெயரையும் விட்டுவிட்டேன். இந்தியாவில் பெரிய பெயர் அவருக்கு. வெளிநாட்டு விழாக்களில் பரிசு வாங்கியவர். அந்தப் பெயர் ஒரு பொலிஸ் நிலையத்தின் பதிவில் சிங்களத்தில் பிழையான எழுத்துக்களோடு ஏற்கெனவே ஏறிவிட்டது. இன்னொரு இடத்தில் ஏற வேண்டாம்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்தவள். வவுனியாவிலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு அன்ரியின் வீட்டுப் பின்னறையில் இருந்தேன். அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். வேலைக்குப் போக புறக்கோட்டையில் பஸ் மாற வேண்டும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவின் பிரதி, கடை தந்த கடிதம் மூன்றும் எப்போதும் கைப்பையின் வெளிப்பக்கத்தில் இருக்கும். உள்ளே வைத்தால் தேடும் நேரத்துக்குள் சாவடியில் நிற்பவர்களின் முகம் மாறிவிடும்.

கடை ஒரு மாடியில் இருந்தது. கீழே இரும்புச் சாமான் கடை, எதிரே துறைமுகத்துக்குப் போகும் லொறிகள். கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, தேவாலயத்து முதல்நன்மை எல்லாம் கமெராக்காரர் எடுப்பார். நான் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, கொப்பிகள் அடிப்பேன். கனடாவுக்குப் போகும் கொப்பியை அங்குள்ள ரீவிக்கு ஏற்ற முறைமைக்கு மாற்ற வேண்டும். யுத்தத்தில் சிதறிய எங்கள் சனத்தில் பாதி கசெற்றில்தான் மற்றப் பாதியின் முகத்தைப் பார்த்தது. ஆகவே வேலைக்குக் குறைவில்லை.

கடையில் ஒரு வழக்கம் இருந்தது. நான் சேர்வதற்கு முன்பே தொடங்கியது. வடக்கில் இறந்த ஒருவரின் செத்தவீட்டுக் கசெற்றை அவருடைய மகன் எங்களிடம் கொப்பி அடிக்கக் கொண்டுவந்திருக்கிறார். திரும்பிப் போகும்போது சோதனைச் சாவடியில் பிடித்து, அதைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஊர்வலம், கூட்டம், தெரியாத முகங்கள். கூட்டத்தில் ஒவ்வொருவரும் யார் யார் என்று பகல் முழுவதும் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு முதலாளி ஒரு கட்டளை போட்டார்: கடையிலிருந்து வெளியே போகும் எந்தக் கொப்பிக்கும் முன்னுக்கு ஒரு கல்யாணம் இருக்க வேண்டும். சாவடியில் யாரும் கசெற்றை முழுதாகப் பார்ப்பதில்லை. மேளம் கேட்கும், தாலி ஏறும், சிரித்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவார்கள்.

அதற்கென்று ஒரு கல்யாணத்தைத் தெரிந்தெடுத்து வைத்திருந்தோம். படமும் சத்தமும் நல்ல துல்லியம். மாப்பிள்ளை தாலி கட்டக் குனியும்போது தலைப்பாகை சரியும்; தோழன் எட்டிப் பிடித்து நிமிர்த்துவான்; பொம்பிளை சிரிப்பை அடக்கிக் கீழே பார்ப்பாள். யார் பார்த்தாலும் சிரிப்பு வரும், அதனால்தான் அதைத் தெரிந்தெடுத்தோம். அந்தச் சோடி எப்போதோ வெளிநாடு போய்விட்டது. கடையில் அவர்களை "எங்கட மாப்பிள்ளை, எங்கட பொம்பிளை" என்போம். சாமத்தியவீட்டுக்கு முன்னுக்கும் அவர்கள்தான், தமிழ்ப் படத்துக்கு முன்னுக்கும் அவர்கள்தான். கசெற்றின் வெளியே "திருமணம்" என்று மட்டும் எழுதி ஒட்டுவோம்.

கமெராக்காரர் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவர். தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில் அவருடைய அத்தை குடும்பமும் கப்பலேறியது. அவர்களைக் கேரளாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியேற்றியிருந்தார்கள். தேயிலையை விட்டுப் போனவர்கள் ரப்பருக்குப் போனார்கள். அத்தை மகன் அங்கே தொலைக்காட்சியில் வரும் படங்களைப் பதிந்து, சேலை கொண்டுவரும் வியாபாரிகளிடம் புறக்கோட்டைக்குக் கொடுத்துவிடுவான். இவர் கடை டெக்கில் கொப்பி அடித்துக்கொள்வார்.

முதல் கசெற்றை என்னிடம் தந்தபோது, "டெக்னீஷியன் அம்மா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் வேலை என்றுதான் நினைத்தேன்.

போட்டேன். எங்கட மாப்பிள்ளையின் தலைப்பாகை சரிந்து நிமிர்ந்தது. மேளம் நின்றது. பிறகு ஒரு முற்றம். ஒரு பெண் விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தாள். இசை இல்லை, பேச்சு இல்லை. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கசெற்றை வெளியே எடுத்து, டெக்கைத் திறந்து, ஸ்பிரிட்டில் துணியை நனைத்து ஹெட்டைத் துடைத்தேன். வயர்களை மாற்றினேன். மீண்டும் போட்டேன். அவள் கூட்டிக்கொண்டேயிருந்தாள். காதைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுபோனபோது விளக்குமாறு மண்ணில் உரசும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு காகம். இன்னும் தூரத்தில் வள்ளத்தில் துடுப்புப் போடும் சத்தம். எல்லாம் சரியாகப் பதிவாகியிருந்தது.

முற்றம் முழுவதும் கூட்டி முடியும்வரை கமெரா அசையவில்லை. எங்கள் கடையில் அதை வெட்டியிருப்போம். கூட்டத் தொடங்குவதைக் காட்டி, உடனே குப்பையை அள்ளுவதைக் காட்டி, நடுவில் ஒரு பாட்டு. இங்கே வெட்டாததால் எனக்கு வேறொன்று தெரியத் தொடங்கியது. அவள் அடிக்கடி நின்று வாசலைப் பார்த்தாள். யாரையோ எதிர்பார்க்கிறாள், அல்லது யாரோ வந்துவிடக்கூடாது என்று பார்க்கிறாள். எது என்று படம் சொல்லவில்லை.

"என்னாங்க, ரிப்பேரா?" என்று கமெராக்காரர் பின்னால் நின்று கேட்டார்.

"அண்ணை, இதில ஒண்டும் நடக்கேல்லையே."

"நடந்துக்கிட்டுத்தாங்க இருக்கு. நீங்க ஹெட்டத் தொடைக்கிறதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். நானும் அப்புடித்தான் தொடைச்சேன்."

முதலாளி அந்தப் பக்கம் வந்து திரையைப் பார்த்தார். "இது யாருட வீட்டு ஓடர்?"

"படம், முதலாளி."

"இதப் பாக்கிறதுக்குப் பதிலா நான் எங்கட வாசல்ல ஒரு கதிரையப் போட்டு இருப்பேனே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு படங்கள் வந்துகொண்டிருந்தன. மலையாளம் எனக்குப் பாதி விளங்கும். மற்றப் பாதி தேவைப்படவில்லை. ஞாயிறு மத்தியானங்களில் அன்ரியின் முன்னறையில் பார்ப்பேன். அன்ரியும் வெங்காயமும் கத்தியும் தட்டுமாக வந்து இருப்பார்.

"ஏன் பிள்ளை, உதில ஒருத்தரும் கதைக்கினமில்லை? கோவமோ?"

"இல்லை அன்ரி. அந்த வீட்டில அப்பிடித்தான்."

"எங்கட மனிசனும் உப்பிடித்தான். அவரையும் படம் எடுத்திருக்கலாம்."

ஒரு படத்தில் ஒரு வீட்டின் உட்புறம் மட்டும் நீண்ட நேரம் தெரியும். வெளியே படலையடியில் யாரோ வந்து நிற்கிறார்கள். மண்ணில் செருப்புச் சத்தம் கேட்கிறது, நிற்கிறது. வீட்டில் எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள். சோற்றில் கை வைத்தவன் கையை எடுக்கவில்லை. கமெரா வெளியே போய்ப் பார்க்கவும் இல்லை. செருப்புச் சத்தம் மறுபடி தொடங்குமா என்று நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்ரி கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய், எங்கள் வீட்டுக் கதவின் கொண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அந்தக் கிழமைதான் பக்கத்து ஒழுங்கையில் ஒரு லொட்ஜில் இருந்தவர்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சிலர் திரும்பி வந்தார்கள்.

அதை நான் கமெராக்காரரிடம் சொன்னேன். அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, "அந்த டைரக்டரு ஒண்ணையும் காட்ட மாட்டாருங்க. காட்டாட்டி நமக்கு நம்ம வீட்டுது ஞாபகம் வரும். எங்க தோட்டத்து லயத்துல ராத்திரி நாய் கொலைச்சா எங்கம்மா வெளக்கு ஏத்த மாட்டாங்க. அது மாதிரி" என்றார். பிறகு, "இன்னொண்ணு வருதாம். மச்சான் எழுதியிருக்கான். எல்லாத்துலயும் அதுதான் பெருசாம். வந்தவொடன தாரேன்" என்றார்.

அது வந்தபோது நான் காய்ச்சலில் இருந்தேன்.

சாவடியில் அவரைப் பற்றி எழுதியவற்றை முதலாளி பிறகு எனக்குச் சொன்னார். அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம். பொலிஸ் பதிவு கொட்டாஞ்சேனையில். நிற்பது காலி வீதியில். போகும் இடம் வெள்ளவத்தையில் வடக்குப் பெண் ஒருத்தி தங்கியிருக்கும் வீடு. கையில் பெயரில்லாத திருமணக் கசெற். யாருடைய திருமணம் என்று கேட்டதற்கு அவர் தெரியாது என்றிருக்கிறார். அது உண்மை. எங்கட சோடியின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பொலிஸ் நிலையம் எது என்று எழுதவில்லை. எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அதுவே எனக்கு நல்லதாகப் படவில்லை. இன்ஸ்பெக்டர் நடுவயதுக்காரர், சிங்களத்தில்தான் பேசினார்; எனக்கும் முதலாளிக்கும் சிங்களம் தெரியும். தமிழுக்கு ஒரு கான்ஸ்டபிளை உட்கார்த்தியிருந்தார், கிழக்குப் பக்கத்து முஸ்லிம் இளைஞர். அலுமாரியின் மேல் ஒரு தொலைக்காட்சியும் டெக்கும் இருந்தன. டெக்கில் வழக்குப் பொருள் என்ற அடையாளத் துண்டு கட்டியிருந்தது. யாருடையதோ.

கமெராக்காரரைக் கொண்டுவந்து கதவோரம் மர வாங்கில் இருத்தினார்கள். சேட்டின் மேல் பொத்தான் இல்லை. எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். எங்களோடு கதைக்கக்கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தது தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் எங்களுக்கு விஷயத்தைத் தெளிவாகவே சொன்னார். என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் அழைத்தார். "இந்தக் கசெற்றில் இருப்பது என்னவென்று விளங்கினால் இவரை இன்றைக்கே விடலாம். விளங்காவிட்டால் மேலே அனுப்ப வேண்டும். மேலே அனுப்பினால் பிறகு என் கையில் இல்லை. நங்கி, நீங்கள் படித்த பிள்ளை. சொல்லுங்கள்."

படம் துள்ளியது. கோடு கோடாக ஓடியது. "சரிசெய்யத் தெரியுமா?" என்று கேட்டார். எழுந்து போய்ச் சரிசெய்தேன். படம் தெளிந்தது. எங்கட மாப்பிள்ளை குனிந்தார். தலைப்பாகை சரிந்தது. கான்ஸ்டபிள் சிரித்தார். முதலாளியும் துணைக்குச் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கசெற்றைப் பின்னுக்கு ஓடவிட்டு, அந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு மேலே ஓடவிட்டார்.

ரப்பர் மரங்கள். நடுவே ஒருவன் நடந்து வருகிறான். நடந்துகொண்டேயிருக்கிறான்.

"இவன் யார்?"

"சிறையில் இருந்து வீட்டுக்கு வருகிறான் போல இருக்கிறது. உடுப்பைப் பார்த்தால்."

"போல என்றால்? நீங்கள் பார்க்கவில்லையா?"

"இந்தப் படத்தை இப்போதுதான் பார்க்கிறேன் சேர். எனக்குத்தான் கொண்டுவந்தார்."

"ஏன் இவ்வளவு நேரம் நடக்கிறான்?"

"வீடு தூரம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பகிடி விடவில்லை என்று கண்டு, திரைக்குத் திரும்பினார். தாயொருத்தி வந்து கதவைத் திறந்தாள், சோறு போட்டாள். இரண்டு வார்த்தை பேசினார்கள். இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம் என்ன என்று கேட்டார்.

"விளங்குதில்ல சேர்" என்றார் அவர். பிறகு என்னிடம் தமிழில், "என்ன புள்ள இது, தமிழ் மாதிரி வந்து தமிழா இல்லாமப் போகுது?" என்றார்.

"மலையாளம்."

"நான் தமிழ் படிச்ச ஆள் எண்டுதான் இஞ்ச போட்டிருக்காங்க. இப்ப எனக்கும் விளங்கல்ல எண்டா சேர் என்ன நினைப்பார்?"

இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தார் என்று தெரியாது. எழுதினார். "எந்த இடம் இது?"

"கேரளா."

"இவருடைய சொந்தக்காரர் எங்கே இருக்கிறார்கள்?"

"கேரளாவில்."

"என்ன வேலை?"

"ரப்பர் தோட்டத்தில்."

திரையில் ரப்பர் மரங்கள் இருந்தன. அதையும் எழுதினார். எழுதும்போது அவர் படத்தை நிறுத்தவில்லை. அதனால் எழுதி நிமிர்ந்தபோதுதான் அவன் பலாமரத்தடியில் மண்ணைத் தோண்டிக் கிடங்கு வெட்டுவதைக் கண்டார். பேனையை மேசையில் வைத்தார்.

அவன் துணியில் சுற்றிய ஒரு பொதியை எடுத்துவந்தான். அதைக் கிடங்கில் வைத்தான். மண்ணைத் தள்ளி, சருகை மேலே பரப்பி, மிதித்தான். பிறகு கிணற்றடியில் கை கழுவினான். கை கழுவுவது முழுவதும் காட்டப்பட்டது. அறையில் ஒருவரும் அசையவில்லை. வாங்கில் இருந்தவருக்குக் கான்ஸ்டபிளின் தோள் திரையை மறைத்தது. அவர் மெல்லத் தலையைச் சாய்த்து, அந்தத் தோளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அவர் தூங்கியிருக்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. ஆனாலும் பார்த்தார். நானும் பார்த்தேன். அதுவரை பார்த்த எல்லாப் படங்களிலும் அதுதான் பெரியது என்று எனக்கும் அங்கே தெரிந்தது.

"அதில் என்ன இருக்கிறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இன்னும் காட்டவில்லை."

"காட்டுவார்களா?"

இயக்குநரை எனக்குத் தெரியும், அவர் காட்டமாட்டார். "தெரியாது சேர்" என்றேன்.

கான்ஸ்டபிள் என் பக்கம் குனிந்தார். "நகை எண்டு செல்லிப்போடு புள்ள. உம்மாட நகை. முடிஞ்சிரும்." அவர் அதை இரக்கத்தோடுதான் சொன்னார்.

முதலாளிக்கு அது கேட்டது. அவர் கையைக் கட்டிக்கொண்டு சிங்களத்தில், "தங்க நகை சேர். அம்மாவுடைய நகை. கள்ளருக்குப் பயந்து தாட்டு வைக்கிறான். எங்கள் சனங்களும் அப்படித்தான் செய்யும்" என்றார்.

"படத்தில் சொன்னார்களா?"

"ஓம், சேர்."

"நங்கி, சொன்னார்களா?"

பதில் சொல்லுமுன் யோசித்தேன். நகை என்றால் இப்போதைக்குச் சரி. ஆனால் படம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து அவன் அதைக் கிண்டி எடுத்தால் என்ன வெளியே வரும் என்று எனக்குத் தெரியாது. சுடும் துவக்காக இருந்தால் நாங்கள் மூன்று பேரும் முடிந்தோம். நகை என்று சொல்லவும் முடியாது, துவக்கு இல்லை என்று சொல்லவும் முடியாது.

"இல்லை சேர். ஒருவரும் சொல்லவில்லை. காட்டவும் இல்லை."

முதலாளி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் படத்தை நிறுத்தினார். பிழைபிடித்த ஆளைப் போல இல்லை; ஒரு கணக்கு சரிவந்த ஆளைப் போல இருந்தார்.

"நீங்கள் உண்மை சொல்லுகிற பிள்ளை. அப்படியென்றால் உங்களிடமே கேட்கிறேன். அந்தக் கல்யாணம் ஏன் முன்னுக்கு இருக்கிறது?"

அதற்கு ஆயத்தமாக நான் வரவில்லை. படத்தை எப்படி விளங்கப்படுத்துவது என்றுதான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். கல்யாணத்தைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. கடையில் அது கசெற்றின் பிளாஸ்டிக் போல, எப்போதும் இருப்பது. உள்ளதைச் சொன்னேன். சாவடியில் கரைச்சல் வராமல் இருக்க. எல்லாக் கொப்பிகளிலும் போடுவோம். செத்தவீட்டுக் கசெற்றின் கதையையும் சொன்னேன்.

"எங்களை ஏமாற்ற."

"கரைச்சல் வராமல் இருக்க, சேர்."

"எல்லாக் கொப்பிகளிலும் இதே கல்யாணமா?"

"ஓம்."

அவர் எழுந்து அலுமாரியைத் திறந்தார். இன்னொரு கசெற்றை எடுத்துவந்து, எங்களுடையதை வெளியே எடுத்து, அதைப் போட்டார். மேளம். மாப்பிள்ளை குனிந்தார். தலைப்பாகை சரிந்தது. தோழன் எட்டிப் பிடித்தான். பொம்பிளை கீழே பார்த்தாள்.

இந்த முறை கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை.

"இது வேறொரு ஆளிடம் பிடித்தது. வேறொரு இடத்தில். அந்த ஆள் இந்தப் பொம்பிளை தன் தங்கச்சி என்று சொன்னார்" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்படியென்றால் உங்களுடைய கமெராக்காரரிடம் ஏன் அவருடைய தங்கச்சியின் கல்யாணம் இருக்கிறது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்."

மேளம் உச்சத்துக்குப் போய் அடங்கியது. கல்யாணம் முடியும் இடம் எனக்கு மனப்பாடம். அதை ஒட்டுவது நான். அதற்கு அடுத்த படம் வரும் நேரத்துக்குச் சரியாக அவர் விரலை வைத்து நிறுத்தினார். அந்தக் கசெற்றில் கல்யாணத்துக்குப் பிறகு என்ன இருந்தது என்று அவர் காட்டவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. யாருக்கு அடித்துக் கொடுத்த கொப்பி என்று முதலாளிக்கு நினைவில்லை. கடைக்கு வந்து கொப்பி அடித்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவரின் பெயரையும் நாங்கள் எழுதி வைப்பதில்லை, அதுவும் அவர்களின் பாதுகாப்புக்காகத்தான்.

கமெராக்காரரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவடியில் திரும்பி முதலாளியிடம், "கமெராவ மழையில நனைய விட்டுறாதீங்க" என்றார். அன்றைக்கு மழை இருக்கவில்லை.

வெளியே வந்ததும் முதலாளி காலி வீதியோரத்தில் நின்று தன் நெற்றியைத் துடைத்தார். "மகள், நகை எண்டு சொல்லியிருந்தா?" என்று தொடங்கினார். பிறகு தானே, "அப்பிடிச் சொன்னாலும் அவன் அந்த மற்றக் கசெற்ற எடுத்துத்தான் இருப்பான்" என்று முடித்தார். இரண்டு பேரும் பஸ்ஸுக்கு வெவ்வேறு பக்கம் நின்றோம்.

கமெராக்காரரை மேலே அனுப்பினார்கள். சில மாதங்கள் எங்கே என்று தெரியவில்லை. ஒவ்வொரு இடமும் இன்னொரு இடத்தைக் காட்டியது. ஹட்டனிலிருந்து வந்த அவருடைய தாயார் அன்ரியின் முன்னறையில் தங்கினார். அவருக்குப் படத்தைப் பற்றி நான் என்ன சொல்வது? "என்னாம்மா அந்தப் படத்துல? கெட்ட படமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒருவன் வீட்டுக்கு வருகிறான், அம்மா சோறு போடுகிறார் என்றேன். அவர் எழுந்து போய் அன்ரியின் அடுப்படியில் அரிசி கழுவத் தொடங்கினார்.

பிறகு அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து, வழக்கு முடியும்வரை வைத்திருக்கும் விளக்கமறியலுக்கு மாற்றினார்கள். அங்கே பார்க்க விடுகிறார்கள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக் கதைப்பார்கள். மெலிந்திருந்தார். கதைக்க வேண்டிய விஷயங்களை வரிசைப்படுத்திக்கொண்டு போயிருந்தேன்: சட்டத்தரணி, உடுப்பு, தாயாரின் பிரஷர் மருந்து. அவர் அதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுக் கேட்டார்.

"முழுசாப் பாத்தீங்களா?"

"கிணத்தடியோட நிப்பாட்டிப் போட்டினம்."

"ச்சே. அதுக்குப் பொறகுதாங்க படமே."

"அண்ணை, அந்தப் பொதியில என்ன இருந்தது? சட்டத்தரணி கேக்கச் சொன்னவர்."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தார். "கடைசி வரைக்கும் காட்டலைங்க. மச்சான் அனுப்பின கசெற்ற நான் மூணு தரம் பாத்துட்டேன். கடைசியில அவன் மறுபடி போயி அந்த எடத்துல நிக்கிறான். அவ்ளோதான். படம் முடிஞ்சிருது."

இதைச் சட்டத்தரணியிடம் சொன்னேன். நீதிமன்றத்தில் இப்படிச் சொல்ல வேண்டாம் என்றார்.

இப்போதைய நிலைமை இது. கசெற்றில் உள்ள பேச்சு முழுவதையும் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சிங்களத்தில் எழுதித் தர வேண்டும் என்று நீதவான் உத்தரவிட்டிருக்கிறார். மலையாளத்திலிருந்து சிங்களத்துக்கு அப்படி ஒருவர் இன்னும் கிடைக்கவில்லை. பாதி விளங்கும் நானாவது செய்யலாமா என்று கேட்டோம். நான் சாட்சி என்பதால் முடியாது என்றார்கள். இரண்டு கசெற்றுகளும் அரக்கு முத்திரையோடு நீதிமன்றத்தில் இருக்கின்றன. மற்றக் கசெற்றின் சொந்தக்காரர் யார் என்றோ, எங்கே இருக்கிறார் என்றோ எங்களுக்குத் தெரியாது. முதலாளி கொப்பி அடிக்கும் வேலையை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு தவணையிலும் வழக்கு அடுத்த தவணைக்குப் போகிறது. கமெராக்காரர் விளக்கமறியலில் இருக்கிறார்.